வீட்டுக்காரியின் சொல்

கோயில் மூப்பர் செபநாயகம் வாசல் படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, வருசா வருசம் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளை கத்தரீனா, உன்ரை ஆள் சுத்தமோ?"

முற்றத்தில் குந்தியிருந்து சூடைமீனுக்குச் செதிள் உரசிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. போன வருசம்வரைக்கும் இந்தக் கேள்விக்காகவே அவள் விடிய எழும்பித் தலை இழுத்து, தோய்த்த சீலை உடுத்திக் காத்திருப்பாள். மூப்பர் வாயைத் திறக்க முன்னமே "ஓம் மூப்பர், சுத்தம்" என்பாள், அடுத்த வளவுக்கும் கேட்கிற மாதிரி. இந்த முறை மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இல்லை மூப்பர். இவரை எடுக்காதேங்கோ."

அந்தோனியார் திருநாளுக்கு அவருடைய சிலை வைத்த சுருவக் கூட்டைத் தோளில் தூக்குவது அந்தக் கரையில் லேசுப்பட்ட மரியாதை இல்லை. சம்மாட்டியாக இருக்கலாம், மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரனாக இருக்கலாம், ஒரு வருசம் முழுக்கக் கள்ளையும் சாராயத்தையும் தொடாமல் இருந்தவனுக்குத்தான் கூட்டில் தோள் வைக்க உரிமை. தொட்டானா இல்லையா என்று ஆம்பிளையிடம் கேட்டு என்ன பிரயோசனம்? குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு. அதனால் எந்தக் காலத்திலோ எந்தப் பங்குச் சுவாமியோ ஒரு வழக்கத்தைப் போட்டுவிட்டுப் போனார்: திருநாளுக்கு முதல் கிழமை மூப்பர் வீடு வீடாய்ப் போவார், வீட்டுக்காரியிடம் கேட்பார். அவள் சொல்லுக்கு அப்பீல் இல்லை. ஒரு பெண்சாதியும் பொய் சொன்னதாகக் கதையும் இல்லை, ஏனென்றால் கடலுக்குப் போகிறவனின் பெண்சாதி அந்தோனியாரோடு விளையாடமாட்டாள்.

மூப்பர் சைக்கிளைப் படலையிலிருந்து எடுத்தார். பிறகு "சரி பிள்ளை" என்று மெல்லமாய்ச் சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். உள்ளே, கதவோரம் இருந்து அவள் புருசன் கனிசியஸ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். அவன் கை நின்றது அவளுக்குத் தெரிந்தது. ஓடிவருவான், சத்தம் போடுவான், அப்பிடியாவது ஒருக்கால் தன் முகத்தைப் பார்த்துக் கதைப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். சத்தம் போட்டால் திருப்பிக் கொடுக்க அவளிடம் நாலு மாதத்துக் கோபம் இருந்தது. அவன் வரவில்லை. திரும்பவும் வலை பொத்தத் தொடங்கிவிட்டான்.

இது தொண்ணூற்று நாலாம் ஆண்டு. கனிசியஸ் குடியை விட்டது எண்பத்தாறில். அதற்கு முன்னம் அவன் குடித்த குடி கொஞ்சநஞ்சமில்லை. பெற்ற தாயின் பெட்டி கல்லறைக்குப் போகிற நேரம் மகன் கள்ளுத் தவறணை வாசலில் விழுந்து கிடந்தான். பக்கத்து வீட்டுப் பொடியன்தான் மகன் முறைக்கு முதல் பிடி மண் போட்டான். வெறி முறிந்து எழும்பி, மூடின குழியைப் பார்த்தவன், அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போய்ச் சுருவத்தின் காலைப் பிடித்துச் சத்தியம் பண்ணினான். ஊர் சிரித்தது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டோ?

சத்தியம் பண்ணுவது ஒரு நிமிசம். அதைக் காப்பாற்றுவது பின்னேரத்தில்தான் இருக்கிறது. நாலரை, ஐந்து மணியாகி வெயில் தாழத் தாழ அவனுக்குக் கை நடுங்கும், நா வறளும், முற்றத்துக்கும் படலைக்குமாய் நடப்பான். கத்தரீனாவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. இருந்த ஒரு மனிசனைக் கடலிடமிருந்தும் கள்ளிடமிருந்தும் பிடித்து வைப்பதுதான் அவளுக்குச் சீவியம். ஒருநாள் ஆற்றமாட்டாமல், கோப்பை நிறையச் சீனி கொட்டி ஒரு பால்தேத்தண்ணி அடித்துக் கொடுத்தாள். குடித்தான். கை கொஞ்சம் அடங்கியது. கண்டுகொண்டாள். அன்றிலிருந்து கள்ளுக்கு எந்த நேரமோ அந்த நேரத்துக்கு அவன் முன்னால் ஒரு தட்டு வரும். பயறும் சர்க்கரையும் உருட்டி எண்ணெயில் பொரித்த சூசியம், தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுச் சுட்ட ரொட்டி, பால் விட்ட கொழுக்கட்டை. பக்கத்தில் அந்தத் தேத்தண்ணி. இனிப்பு உள்ளே போகப் போக நாக்கு கள்ளை மறந்தது. அடுத்த வருசம் கூட்டுக்குத் தோள் கொடுத்தான். அதைப் பார்த்துவிட்டு ஊரில் குடிகாரன்களைக் கட்டின பெண்டுகள் ஒவ்வொருத்தியாய் வந்து கேட்டார்கள், என்னடி செய்தனீ என்று. கத்தரீனா ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். படிக்காதவள், மலடி என்று பேர் வாங்கினவள், தன் வாழ்க்கையில் வென்ற ஒரே வெற்றி அது. கொஞ்சம் தலைக்கனம் வந்ததென்றால் வரட்டுமே, வேறு யாருக்கு வராது?

பிறகு நாட்டில் சண்டை முற்றி, கடலுக்குத் தடை போட்டு, ஆழக்கடலுக்குப் போக வழியில்லாமல் ஆம்பிளைகள் எல்லாரும் கரையிலேயே காவோலை மாதிரிக் கிடந்தார்கள். மீன் குறைந்தது. கூப்பனுக்குச் சங்கக்கடையில் கிடைத்தது நிவாரண மாவும் சீனியும்தான். அதுவும் விடிய வரிசையில் நின்றால்தான். கத்தரீனா தன் பங்குச் சீனியை ஒருநாளும் தொட்டதில்லை. வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இரண்டு பேருடைய சீனியையும் அவனுக்கே போட்டாள். ஊரெல்லாம் மெலிய, கனிசியசுக்கு மட்டும் வயிறு வைத்தது. "கத்தரீனா வீட்டிலை பொருளாதாரத் தடை இல்லைப்போலை" என்று பகிடி பண்ணினார்கள். அவளுக்கு அதுவும் பெருமைதான்.

ஆனால் வயிறு வைக்க வைக்க ஆள் வெளிறினான். கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைச் சீலை. வள்ளத்தைத் தள்ள நாலு எட்டு வைத்தால் மூச்சு இளைக்கும். இரத்தம் இல்லை என்றார்கள். முருங்கையிலையைச் சுண்டிக் கொடுத்தாள், கிடைத்த அன்று ஆட்டீரல் வாங்கிப் பொரித்துக் கொடுத்தாள், டிஸ்பென்சரியில் தந்த இரும்புக் குளிசையை மாதக்கணக்காய் விழுங்க வைத்தாள். ஒரு துளி ஏறவில்லை. சாப்பாடு காணாதாக்கும் என்று இன்னும் ஒரு சூசியம் கூட வைத்தாள். கடைசியில் பெரியாஸ்பத்திரியில் டொக்ரர் அருளம்பலம் அவன் வலப்பக்க விலாவுக்குக் கீழே அமத்திப் பார்த்து, ஊசி போட்டு ஈரலில் ஒரு துண்டு எடுத்துக் கப்பலில் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வந்த நாள் மாசி மாதத்தில் ஒரு திங்கள். அன்றைக்குத்தான் சங்கக்கடையில் சீனி கொடுத்தார்கள். சீனியை விடமுடியுமா? அவள் வரிசைக்குப் போனாள், அவன் தனியே ஆஸ்பத்திரிக்குப் போனான்.

பின்னேரம் அவன் வந்தபோது தட்டு தயாராய் இருந்தது. என்ன சொன்னவர் என்று கேட்டாள். ஈரல் பழுதாம் என்றான். அந்தக் கரையில் ஈரல் பழுதாகிச் செத்தவன் ஒவ்வொருத்தனையும் அவளுக்குத் தெரியும். ஒருத்தனும் பச்சைத்தண்ணி குடித்துச் சாகவில்லை, எல்லாம் கள்ளும் சாராயமும்தான்.

"குடிச்சனீங்களோ?" என்று கேட்டாள்.

அவன் அவளையும் பார்த்தான், அவள் கையிலிருந்த தட்டையும் பார்த்தான். சூசியத்தின் எண்ணெய் இன்னும் அடங்காமல் இருந்தது. "ஓம்" என்றான். "இடைக்கிடை."

அவள் தட்டைச் சுவரில் எறிந்தாள். அன்றோடு சரி. இனிப்பு இல்லை, பால் இல்லை, பொரியல் இல்லை. கள்ளனுக்கு என்னத்துக்குச் சூசியம்? நேரத்துக்கு ஒரு பிடி சோறும் ஒரு கீரையும் தண்ணிச் சொதியும் வைத்தாள், அதையும் டொங்கென்று வைத்தாள். உமக்கு வேலை செய்ய நான் வேலைக்காரியோ என்று தண்ணி அள்ள விட்டாள், விறகு கொத்த விட்டாள், கோயில் கிணற்றடிவரைக்கும் நடக்க விட்டாள். இரவில் அவன் நித்திரையான பிறகு குனிந்து மூச்சை மணந்து பார்ப்பாள். ஒரு வாசமும் இராது. கராம்பு சப்பிப்போட்டு வாறான், பழைய கள்ளனெல்லோ என்று நினைத்துக்கொள்வாள். எட்டு வருசம் தன்னை ஏமாற்றிவிட்டான் என்ற நினைப்பு அவளைத் தின்றது. மற்றப் பெண்டுகளுக்குப் படிப்பித்தவள் வீட்டிலேயே இப்பிடியென்றால் எந்த முகத்தோடு தெருவில் போவது? அதனால்தான் மூப்பர் கேட்டபோது அவள் மறைக்கவில்லை. மறைத்துப் பொய் சொல்லுகிற ஆள் தான் இல்லை என்று காட்டவேண்டும் போலிருந்தது.

திருநாளன்று கூடு அவர்கள் ஒழுங்கையால் வந்தது. கனிசியஸ் வெள்ளை வேட்டி கட்டி, வேலியோரம் சனத்தோடு சனமாய் நின்றான். அவன் தோள் வைக்கிற முன்பக்க இடது கொம்பில் அடுத்த குறிச்சியிலிருந்து வந்த புது ஆள் ஒருத்தன் நின்றான். உயரம் காணாது, கூடு ஒரு பக்கம் சரிந்துகொண்டு போனது. கனிசியசின் வலது தோள் தன்பாட்டில் கொஞ்சம் உயர்ந்து உயர்ந்து தாழ்ந்ததைக் கத்தரீனா கண்டாள். தூக்குகிறவர்களில் ஒருத்தனும் அவன் பக்கம் திரும்பவில்லை. அவர்களோடுதான் அவன் எட்டு வருசமாய்ப் பூசைக்குப் போனான், அவர்களோடுதான் இருந்து சீட்டு விளையாடினான். அவள் மனம் இளகப் பார்த்தது. வேணும், நல்லாய் வேணும் என்று அதை அமத்திப்போட்டாள்.

திருநாளுக்குப் பிறகு வந்த கிளினிக் தவணைக்கு அவன் போகவில்லை. இரண்டாம் தவணையும் தப்பிவிட்டது. என்னதான் கோபமென்றாலும் ஆள் செத்துப்போனால் தான்தானே வெள்ளைச் சீலை உடுத்தவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு, குளிசையாவது வாங்கி வருவோம் என்று அவளே போனாள். டொக்ரர் அருளம்பலம் அவள் யாரென்று கேட்டறிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். நரைத்த, களைத்த மனிசன். அவள் பயந்து போயிருக்க, அவர் அவளைப் புகழ்ந்தார்.

"நீங்கள்தான் சாப்பாட்டை மாத்தினீங்களோ அம்மா? வைகாசியிலை பாத்தம், இரத்தம் ஏறத் துவங்கியிட்டுது. ஈரலும் கொஞ்சம் வத்தியிருக்கு. உந்தச் சீனியையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் ஒரேயடியா நிப்பாட்டினது நல்ல வேலை. கனபேர் கேக்கமாட்டினம்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடியைப் பற்றித்தானே சொல்லவேண்டும், இவர் ஏன் பலகாரத்தைப் பற்றிக் கதைக்கிறார்? கேட்டாள். குடியோ, எந்தக் குடி, என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகு பொறுமையாய்ச் சொன்னார். எடுத்த துண்டு முழுக்கக் கொழுப்பு. குடிகாரனுடைய ஈரலைப் பார்க்கிற மாதிரியேதான், தானும் முதலில் அப்பிடித்தான் நினைத்தாராம். ஆனால் அது இனிப்பாலும் மாவாலும் எண்ணெயாலும் வந்த கொழுப்பு, கடலுக்குப் போகாமல் குந்தியிருந்ததாலும் வந்தது. இரத்தத்துக்கு வேண்டிய இரும்பு அவன் உடம்பில் இல்லாமல் இல்லை. அந்தக் கொழுப்பேறின ஈரல் அதைப் பிடித்துத் தனக்குள்ளே அடைத்து வைத்துக்கொண்டது, இரத்தத்துக்கு விடவில்லை. அது ஏனென்று வைத்தியப் புத்தகங்களிலேயே இன்னும் வடிவாய் எழுதவில்லையாம்.

"சங்கக்கடையிலை மூட்டை மூட்டையாக் கிடக்கு, கதவு பூட்டு. வெளியிலை சனம் பட்டினி. அப்பிடித்தான்" என்றார். "நீங்கள் குடுத்த இரும்புக் குளிசையும் ஈரலும் முருங்கையிலையும் இரத்தத்துக்கு உதவேல்லை அம்மா. பூட்டைத் திறக்கிறதுக்கு வழி இனிப்பைக் குறைக்கிறதுதான். மாசியிலேயே சொன்னனான், மனிசியைக் கூட்டிக்கொண்டு வாரும், நான் விளங்கப்படுத்துறன் எண்டு. அவர் மாட்டனெண்டிட்டார்."

"ஏனாம்?"

சொல்லக்கூடாது என்று கனிசியஸ் கேட்டிருந்தான்தான், ஆனால் டொக்ரர் இப்போது ஆள் சுகப்படுகிறபடியால் குற்றமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, சொல்லிவிட்டார். "'அவள் அந்தத் தட்டாலைதான் என்னை மனிசனாக்கினவள் டொக்ரர். அதுதான் வருத்தம் எண்டு அவளுக்குத் தெரியக்கூடாது' எண்டவர்."

ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது எந்தப் பக்கம் போவதென்று கத்தரீனாவுக்குத் தெரியவில்லை. வெயில் எரித்தது. மாசியில் அவன் தட்டைப் பார்த்த பார்வை இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஊட்டி ஊட்டி வருத்தத்தைக் கொடுத்ததும் தான், அவன் பொய்யை நம்பி அவன் பேரைக் கெடுத்ததும் தான். யாரையாவது நோகலாமென்றால் ஒருத்தரும் அகப்படவில்லை. நடுத்தெருவில் அழ வெட்கப்பட்டுக்கொண்டு விறுவிறென்று நடந்தாள். போன உடனே காலில் விழுவது, பிறகு மூப்பரிடம் போய்ச் சொல்வது, சுவாமியிடம் சொல்வது, அடுத்த திருநாளுக்கு எவன் குறுக்கே நின்றாலும் அந்த இடது கொம்பில் அவன் தோளை வைக்கப்பண்ணுவது. நடக்க நடக்க அவள் மனதில் ஒரு தெம்பும் வந்தது. ஆள் உயிரோடுதானே இருக்கிறான், இரத்தமும் ஏறுகிறதாம். எல்லாவற்றையும் சரிக்கட்டலாம்.

வீட்டில் அவன் இல்லை. வலை மூலையில் கிடந்தது. கொஞ்ச நாளாய்ப் பின்னேரங்களில் அவன் வீட்டில் இருப்பதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எங்கே போகிறான் என்று அவள் கேட்டதுமில்லை. எங்கே என்றுதான் தெரியுமே என்று இருந்துவிட்டாள். அவள் கால்கள் அவளைக் கேளாமலே கடற்கரைக்குத் திரும்பின. ஐஸ் கொம்பனிக்குப் பின்னால், இடிந்த மீன்வாடியைத் தாண்டி, மூன்று பனை நிற்கிற இடம். எண்பத்தாறுக்கு முன்னம் எத்தனை தரம் அங்கே போய் அவனைத் தூக்கி வந்திருக்கிறாள்.

அங்கேதான் இருந்தான். சுற்றிவர நாலைந்து பேர், நடுவில் கள்ளு முட்டி. அவன் கையில் பனையோலைப் பிளா, அதில் பாதி கள். அவளைக் கண்டதும் மற்றவர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராய் எழும்பி, மண்ணைத் தட்டிக்கொண்டு விலகினார்கள். அவன் எழும்பவுமில்லை, பிளாவை ஒளிக்கவுமில்லை. அவள் அவனுக்குப் பக்கத்தில் மணலில் இருந்தாள். பொம்பிளை இருக்கிற இடமில்லை அது.

"டொக்ரர் சொல்லிப்போட்டார்" என்றாள்.

"சொல்லவேண்டாமெண்டு கும்பிட்டுக் கேட்டனான்" என்றான். நா தடித்திருந்தது. "நீ தாறதை வேண்டாமெண்டால் ஏனெண்டு கேப்பாய். கேட்டால் சொல்லவேணும். எனக்கு வேறை வழி தெரியேல்லை, கத்தரி."

"அப்ப இது?" என்று பிளாவைக் காட்டினாள். "இது எப்ப துவங்கினனீங்கள்?"

"கூடு போன அண்டைக்கு." அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எட்டு வரியத்தாலை முதல் முதல். எல்லாரும் குடிகாரன் எண்டுதானே பாக்கினம். குடியாமல் இருந்து நான் என்னத்தைக் கண்டனான்?"

கத்தரீனா பிளாவை அவன் கையிலிருந்து வாங்கினாள். அவன் விட்டுவிட்டான். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு மணலில் ஊற்றினாள். பிறகு அழுதாள், நெஞ்சில் அடித்து, வாய்விட்டு, தாயின் பிணத்துக்கு அழுகிற மாதிரி. அவன் தடுக்கவில்லை. அழுது ஓய்ந்ததும் எழும்புங்கோ என்றாள். அவன் எழும்பப் பார்த்தான், முழங்கால் மடிந்தது. கள்ளோ, இரத்தமில்லாத களையோ, யார் கண்டது? அவள் அவனுடைய கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இடுப்பைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

ஒழுங்கையில் பொழுது படுகிற வெளிச்சம் இன்னும் இருந்தது. வேலிக்கு மேலால் பெண்டுகள் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி உள்ளே போனார்கள். அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. மூப்பர் செபநாயகத்தின் படலையில் நின்று கூப்பிட்டாள். அவர் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"மூப்பர், அண்டைக்கு நான் சொன்னது பிழை" என்றாள் கத்தரீனா. மூச்சு வாங்கியது. "இவர் எட்டு வரியம் ஒரு சொட்டுத் தொடேல்லை. என்ரை மனிசன் சுத்தம்."

மூப்பர் அவளைப் பார்த்தார். அவள் தோளில் தொங்கின தலையைப் பார்த்தார். சட்டை முன்பக்கம் நனைந்து, கள் வாசம் படலைவரைக்கும் வந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் கோபமில்லை, பரிதாபம்தான் இருந்தது.

"ஓம் பிள்ளை" என்றார். "கூட்டிக்கொண்டு போய் ஆளைப் படுக்க விடு."

"வா கத்தரி, வீட்டை போவம்" என்று கனிசியஸ் அவள் காதுக்குள் சொன்னான். அவள் கேட்கவில்லை. சரிந்து வந்தவனை இன்னொருக்கால் இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டு அடுத்த படலைக்குப் போனாள். ஒரு கையால் அவனைப் பிடித்தபடி மற்றக் கையால் தட்டினாள். உள்ளே கதைச் சத்தம் நின்றது. யாரோ விளக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள்.